அருமை வயல்

பாழடைந்த ஊர் என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவது பெரும்பாலும் ஒரே விதமான காட்சிதான். மதில் இடிந்த கோயில், தூர்ந்துபோன குளம், கதவில்லாத வீடுகள், அவற்றினிடையே வளர்ந்து நிற்கும் வேலமரங்கள். ஓர் ஊர் அந்த நிலையை அடைவதற்கு இருநூறு முந்நூறு வருஷமாவது செல்லும் என்பது நம் எண்ணம். இந்த வாரம் நாம் சொல்லப் புகுந்திருப்பது அத்தகைய பழம்பெருமை வாய்ந்த பதியைப் பற்றியதன்று. இவ்வூர் பிறந்தது 1910-ஆம் ஆண்டில். பத்து வருஷத்துக்குள் செழித்து ஓங்கியது. 1940-ஆம் ஆண்டில் அங்கே எஞ்சியிருந்தவர்கள் 12 பேர். ஒரு மனிதன் தன் வாலிபத்தில் குடியேறி, நரை கண்ட காலத்தில் தன் கண்ணாலேயே அழிவையும் பார்த்துவிடக் கூடிய அளவுக்குக் குறுகிய ஆயுள்.

ஐக்கிய அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தின் தலைநகரான டென்வரிலிருந்து வடகிழக்கே சுமார் 70 மைல் சென்றால் வெல்டு ஜில்லாவைச் சேர்ந்த மணற்பாங்கான ஒரு சமவெளி வருகிறது. கிரீலி என்னும் பட்டணம் அங்கிருந்து ஏறக்குறைய 25 மைல். வடக்கே கூப்பிடு தூரத்தில் தெற்கு பிளாட் என்னும் ஆறு ஓடுகிறது. இந்த இடத்துக்கு அவ்வூரார் இட்ட பெயர் டியர்பீல்டு. நம் மொழியில் அருமை வயல் என்று சொல்லலாம். டென்வரில் வைத்தியராக இருந்த ஜோஸப் வெஸ்ட்புரூக் என்பவர், இந்த வயல்கள் நமக்கு மிக அருமையானவையாக இருக்கப்போகின்றன என்று கூறி அப்பெயரைச் சூட்டினாராம். அவர் அப்படிச் சொன்னதன் உட்பொருளை அறிய வேண்டுமானால், அதைக் கேட்டவர்கள் யார் என்பதை அறியவேண்டும். வைத்தியர் உட்பட அவர்கள் அனைவரும் கறுப்பு இனத்தவர். அவர்களில் பலருடைய பெற்றோர்கள் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அந்தப் பெற்றோர்கள் உழுத வயல் எதுவும் அவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை.

அமெரிக்காவில் அடிமை முறை 1865-ல் சட்டப்படி ஒழிந்தது. அவ்வருஷத் தொடக்கத்தில் ஷெர்மன் என்ற சேனாதிபதி, விடுதலை பெற்ற குடும்பங்களுக்குக் கடற்கரையோரத்தில் 40 ஏக்கர் வீதம் நிலம் ஒதுக்கும்படி உத்தரவு பிறப்பித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே ஆண்ட்ரு ஜான்ஸன் என்னும் ஜனாதிபதி அந்நிலங்களைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்கச் செய்துவிட்டார். பிறகு என்ன? அதே பருத்திக் காடு; அதே எஜமானர்; பெயர் மட்டும் மாறி வாரக் குடியானவன் ஆயிற்று. விதைக்கு எஜமானரிடம் கடன், ஜீவனத்துக்கு எஜமானர் வைத்திருக்கும் கடையில் கடன், அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்த்தால் மேலும் கடன். விலங்கை அறுத்துவிட்டு நிலத்தைக் கொடுக்காமல் விட்டால் விடுதலை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அந்த ஐம்பது வருஷத்துச் சரித்திரமே சாட்சி.

மேற்குப் பிரதேசங்களில் நிலைமை வேறு. 1862-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின்படி யார் வேண்டுமானாலும், விதவைகளும் மணமாகாத பெண்களும்கூட, சர்க்கார் நிலத்தில் 160 ஏக்கர் கேட்டு மனுச் செய்யலாம். ஐந்து வருஷம் அங்கே வசித்து, வீடு கட்டி, உழுது பயிரிட்டுக் காட்டினால் நிலம் அவர்களுடையது. பூர்வ குடிகளான செவ்விந்தியர்களை விரட்டிவிட்டுப் பெற்ற நிலம் அது என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது. நல்ல நிலமெல்லாம் அப்பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெள்ளையர் கைக்குப் போய்விட்டது. மீந்தவை வானம் பார்த்த பூமிகள். 160 ஏக்கர் வைத்துக்கொண்டு அங்கே பிழைக்க முடியாது என்று கண்ட சர்க்கார், 1909-ஆம் வருஷத்தில் வறண்ட பிரதேசங்களுக்கு மட்டும் 320 ஏக்கராக அளவை உயர்த்தியது. சர்க்கார் தாராளமாக அளந்து கொடுக்கிறது என்றால், அந்நிலத்தில் என்னவோ குறை இருக்கிறது என்று பொருள். இது எந்தத் தேசத்துக்கும் பொருந்தும்.

ஆலிவர் தூஸான் ஜாக்ஸன் என்பவர் இந்தச் சட்டத்தைத்தான் பற்றிக்கொண்டார். 1862-ல், அதாவது குடியேற்றச் சட்டம் பிறந்த அதே வருஷத்தில், ஒஹாயோ மாகாணத்தில் பிறந்தவர். ஹெய்ட்டி தீவின் அடிமைகளைத் திரட்டி விடுதலைப் போர் நடத்திய தூஸான் லூவர்த்தூரின் பெயரைத் தம் மகனுக்கு வைத்த பெற்றோர் எத்தகையவர்களாக இருந்திருப்பார்கள் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஜாக்ஸன் 1887-ல் கொலராடோவுக்கு வந்தார். சமையல் ஒப்பந்தத் தொழில் செய்தார்; போல்டர் நகரில் சாப்பாட்டு விடுதி நடத்தினார்; பிறகு மாகாண கவர்னரின் காரியாலயத்தில் தூதராக, அதாவது கடிதங்களும் செய்திகளும் கொண்டுசெல்லும் சேவகராக அமர்ந்து, பல கவர்னர்களிடம் வேலை பார்த்தார். பதவி சிறியதுதான். ஆனால் கதவருகில் நிற்பவனுக்கு உள்ளே நடப்பது பலவும் தெரியும் அல்லவா?

அவருக்கு வேகம் ஊட்டியது புக்கர் வாஷிங்டனுடைய சுயசரிதை. அடிமையாகப் பிறந்து, டஸ்கிகீ கல்விச்சாலையை நிர்மாணித்த அப்பெரியார், கைத்தொழிலும் சொந்த நிலமுமே தம் இனத்தாரை உயர்த்தும் என்று உபதேசித்தவர். அரசியல் உரிமைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அவருடைய கொள்கையை அவர் காலத்திலேயே பலர் கண்டித்தார்கள். நமக்கும் அது உடன்பாடன்று. ஆனால் ஜாக்ஸன் அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. நம்மவர்கள் மட்டுமே வாழும் ஒரு விவசாய ஊர், அதில் நம்முடைய வயல், நம்முடைய கடை, நம்முடைய பள்ளிக்கூடம் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. நிலம் தேடிப் போனபோது தரகர்களும் உத்தியோகஸ்தர்களும் இவருக்கு முகம் கொடுக்கவில்லை. கடைசியில் அவர் வேலை பார்த்த கவர்னர் ஷாப்ராத் என்பவரே உதவி செய்ய, 1910-ல் 320 ஏக்கருக்கு மனுப் பதிவாயிற்று. சர்க்கார் நிலத்தில் மற்றவர்களும் பக்கத்தில் பக்கத்தில் மனுச் செய்துகொள்ள ஊர் உருவாகத் தொடங்கியது.

வந்தவர்கள் யார்? டென்வரில் வீட்டு வேலை செய்தவர்கள், ரயிலில் சுமை தூக்கியவர்கள், சலவை செய்த பெண்கள். பலர் அதுவரை ஏர்க்காலைத் தொட்டவர்கள் அல்லர். வீட்டுச் சாமான்களை ரயிலேற்றக் காசில்லாதவர்கள் சிலர். கையிலுள்ள பணத்துக்கு எவ்வளவு தூரம் டிக்கெட் கிடைக்குமோ அவ்வளவு தூரம் ரயிலில் வந்து, மிச்ச தூரத்தை நடந்தே கடந்தவர்களும் உண்டு என்று ஜாக்ஸன் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். 1911-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் அங்கே ஏழு குடும்பங்கள் இருந்தன. மர வீடு கட்டிக்கொள்ள வசதி பெற்றவர்கள் இரண்டே குடும்பத்தார். மற்றவர்கள் கூடாரத்திலும், மேட்டைக் குடைந்து உண்டாக்கிய குகை போன்ற குழிகளிலும் பனிக்காலத்தைக் கழித்தார்கள். அந்தப் பிரதேசத்துப் பனி நம் மார்கழிப் பனி அன்று. பாத்திரத்து நீர் பாறையாக உறையும் குளிர். விறகு கிடையாது, ஏனென்றால் மரமே கிடையாது. காட்டுச் செடிகளையும் உலர்ந்த சாணத்தையும் எரித்துக் குளிர் காய்ந்தார்கள். இருந்த ஆறு குதிரைகளில் மூன்று பட்டினியால் மடிந்தன. மீதி மூன்றுக்கு வெறும் வண்டியை இழுக்கக்கூடத் திராணியில்லை.

மறு வருஷம் அவர்கள் ஊரை விட்டு ஓடவில்லை. ஆண்கள் சுற்றுப்புறத்து வெள்ளைக்காரப் பண்ணைகளில் கூலிக்குப் போனார்கள். பெண்கள் டென்வருக்குத் திரும்பிச் சென்று வீட்டு வேலை செய்து பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் விதையும் கலப்பையும் வந்தன. சட்டமோ குடியானவன் நிலத்திலேயே வசிக்க வேண்டும் என்கிறது. வயிறோ பட்டணத்துக்குப் போ என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட குடும்பங்கள், ஒருவர் நிலத்தைக் காக்க ஒருவர் சம்பாதிக்க என்று பிரிந்து வாழ்ந்தே உரிமையைத் தக்கவைத்துக்கொண்டன.

சாகுபடி முறையைப் பற்றிச் சிறிது விவரமாகச் சொல்லவேண்டும். இந்த ஊரின் வாழ்வும் தாழ்வும் அதிலேதான் அடங்கியிருக்கின்றன. அங்கே ஓராண்டில் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 15 அங்குலத்துக்கும் குறைவு. வறண்ட சீமை என்று நாம் இரங்கும் ராமநாதபுரத்திலேயே அதைப் போல் இரு மடங்கு பெய்கிறது. இவ்வளவு சொற்ப மழையிலும் பயிரிடலாம் என்று அக்காலத்தில் ஒரு பெரும் பிரசாரமே நடந்துகொண்டிருந்தது. ஹார்டி காம்ப்பெல் என்பவர் அதன் முக்கிய ஆசாரியர். ஆழ உழ வேண்டும். அடி மண்ணை அழுத்தி இறுக்க வேண்டும். மேல் மண்ணை மட்டும் கட்டியில்லாமல் உடைத்துப் புழுதியாகப் பரப்பி வைக்க வேண்டும். அந்தப் புழுதிப் போர்வை கீழே உள்ள ஈரத்தை ஆவியாக விடாமல் காக்கும் என்பது அவர் போதனை. ஒரு வருஷம் நிலத்தைத் தரிசாகப் போட்டு ஈரம் சேர்த்து மறு வருஷம் விதைப்பதும் உண்டு. மழையில்லாச் சாகுபடியைப் பற்றிய மகாநாடு ஒன்றே 1907-ல் டென்வர் நகரில் கூடிற்று. ரயில்வே கம்பெனிகளும் நில வியாபாரிகளும் இதை வெகு உற்சாகமாக ஆதரித்தார்கள். ஜனங்கள் குடியேறினால்தானே அவர்களுடைய வண்டியில் சரக்கு ஏறும்?

புழுதிப் போர்வை என்னும் சொல்லை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

சில வருஷங்கள் மழை சற்றுத் தாராளமாகப் பெய்தது. அருமை வயலில் மக்காச்சோளம், ஓட்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, குதிரை மசால், அவரை, பூசணி, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு எல்லாம் விளைந்தன. மணல் நிலமாகையால் தர்பூசணியும் முலாம்பழமும் விசேஷமாக வந்தன. ஸ்ட்ராபெரிப் பழங்கூடப் பயிரிட்டார்கள். 1914-ல் ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டது. தானிய விலை ஏறத் தொடங்கி, 1917-ல் அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்கியபோது உச்சத்துக்குப் போயிற்று. கோதுமைக்கு மரக்கால் கணக்கில் சர்க்காரே விலை நிர்ணயித்து உத்தரவாதம் தந்தது. அதிகம் விளைவிப்பதே தேசபக்தி என்று எங்கும் விளம்பரங்கள். ஏழைக் குடியானவனுடைய லாபமும் தேசத்தின் தேவையும் ஒரே திசையில் சென்ற அபூர்வமான காலம் அது.

அந்த நாளில் ஊரில் 200 முதல் 300 பேர் வரை இருந்தார்கள். இரண்டு மாதாகோயில்கள் இருந்தன. ஒரு பள்ளிக்கூடம் இருந்தது; இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், நம் தொழிலுக்குரிய மரியாதை அது! மளிகைக் கடை, கருமான் பட்டறை, சாப்பாட்டு விடுதி, பிறகு மோட்டார் வந்த காலத்தில் பெட்ரோல் கடை, எல்லாம் அவர்களுடையவை. நடன மண்டபம் ஒன்றும் உண்டு. சனி ஞாயிறுகளில் டென்வரிலிருந்து கறுப்பு இனத்துக் குடும்பங்கள் மோட்டாரிலும் ரயிலிலும் அங்கே வந்து ஆடிப் பாடி, மீன் பிடித்து, சாப்பிட்டுச் செல்வார்கள். பட்டணத்திலோ பல ஹோட்டல்களில் அவர்களுக்கு இடமில்லை. பூங்காவிலும் சினிமாக் கொட்டகையிலும் எங்கே உட்காரலாம் எங்கே கூடாது என்று பார்த்து நடக்க வேண்டும். ஒரு முழு நாள் எவருடைய முகத்தையும் பார்த்துப் பயப்படாமல், தலை நிமிர்ந்து உலாவிவிட்டு வருவதற்கு ஓர் ஊர் இருந்தது என்றால் அதன் மதிப்பு எந்தக் கண்டுமுதல் கணக்கிலும் அடங்காது. அருமை வயல் என்ற பெயருக்கு அந்த நாட்களில்தான் முழு அர்த்தமும் ஏற்பட்டது என்பது நம் அபிப்பிராயம்.

நம் வகுப்பில் ஒருமுறை இவ்வூரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, காவேரிக்கரைக் கிராமத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் படத்தைச் சுட்டிக்காட்டி, "ஆறுதான் பக்கத்திலேயே ஓடுகிறதே, ஸார்! ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டால் என்ன?" என்று கேட்டான். வயல் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். இந்தச் சரித்திரத்தில் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வியும் அதுதான்.

வாய்க்கால் வெட்ட முடியாததற்குக் காரணம் மேடும் அல்ல, மணலும் அல்ல, சட்டம். கொலராடோவில் ஆற்று நீர் கரையில் இருப்பவனுக்குச் சொந்தமன்று. யார் முதலில் தண்ணீரை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கினானோ அவனுக்கே முதல் உரிமை. இரண்டாவதாக வந்தவன் இரண்டாம் உரிமைக்காரன். நீர் குறைந்த வருஷத்தில் முதல்வனுக்குரிய அளவு நிரம்பிய பிறகே அடுத்தவன் மதகைத் திறக்கலாம். தலைமடை, கடைமடை என்பது நமக்கு இடத்தைப் பொறுத்தது. அங்கே அது வருஷத்தைப் பொறுத்தது. மேலே சொன்ன கிரீலி பட்டணத்தை 1870-ல் ஸ்தாபித்த குடியேற்றக்காரர்கள் காஷ் லா பூடர் என்னும் உபநதியிலிருந்து பெரிய வாய்க்கால்களை வெட்டிக்கொண்டார்கள். 1874-ல் கோடை கடுமையாக இருந்தபோது, அதே ஆற்றின் மேல்புறத்தில் புதிதாக வந்தவர்கள் தண்ணீரை எடுத்துவிட, கிரீலிக்காரர்கள் பெரும் சண்டைக்கு வந்தார்கள். முந்தியவருக்கே முன்னுரிமை என்னும் கொள்கை 1876-ல் மாகாணத்தின் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டதற்கு அந்தத் தகராறும் ஒரு காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் தெற்கு பிளாட் நதியில் ஓடும் கோடை நீர் முழுவதும் காகிதத்தில் பங்கு போட்டுத் தீர்ந்துவிட்டது. 1910-ல் வந்தவர்கள் அந்த வரிசையில் எங்கே நிற்பது?

அந்தச் சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முன்னே வந்தவன், பின்னே வந்தவன் என்று மட்டுமே இருக்கிறது. ஆனால் 1870-ஆம் வருஷத்தில் கையில் மூலதனத்தோடு புறப்பட்டு வந்து வாய்க்கால் வெட்டக் கூடியவர்கள் யார், ஐந்து வருஷத்துக்கு முன்புதான் அடிமைத்தளை அறுந்து வெறுங்கையோடு நின்றவர்கள் யார் என்பதை எண்ணிப் பார்த்தால், நிறத்தைக் குறிப்பிட வேண்டிய அவசியமே சட்டத்துக்கு இருக்கவில்லை என்பது விளங்கும். தண்ணீர் உரிமையை விலைக்கு வாங்கலாம். அதற்கு வேண்டிய பணம் மானாவாரிக் குடியானவனிடம் எக்காலத்திலும் சேராது.

யுத்தம் முடிந்தது. ஐரோப்பிய விவசாயிகள் மறுபடி உழத் தொடங்கினார்கள். 1920-ல் இரண்டு டாலருக்கு மேல் விற்ற கோதுமை 1921 முடிவில் ஒரு டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. நல்ல விலையை நம்பி இயந்திரமும் நிலமும் கடனுக்கு வாங்கியவர்கள் தேசமெங்கும் அகப்பட்டுக்கொண்டார்கள். அதே சமயத்தில் மழையும் பொய்க்க ஆரம்பித்தது. வாய்க்கால் பாசனம் உள்ளவன் விலைச் சரிவை மட்டும் தாங்கினால் போதும். அருமை வயல்காரர்கள் விலைச் சரிவு, வறட்சி இரண்டையும் ஒருங்கே தாங்கவேண்டியிருந்தது. இளைஞர்கள் முதலில் போனார்கள். பிறகு குழந்தை குட்டி உள்ளவர்கள் போனார்கள். அரசியல் சூழ்நிலையும் ஆதரவாக இல்லை. வெள்ளை நிற வெறியர்களின் குக்ளக்ஸ் கிளான் என்னும் கூட்டம் அக்காலத்தில் கொலராடோவில் மிகுந்த செல்வாக்குப் பெற்று, 1924-ல் தன்னைச் சேர்ந்த மார்லி என்பவரையே கவர்னர் ஆக்கிவிட்டது. ஜாக்ஸனுக்கு நிலம் கிடைக்க உதவியதும் ஒரு கவர்னர் பதவிதான். பதினான்கு வருஷத்தில் அந்த நாற்காலிக்கு நேர்ந்த கதி அது.

பின்னர் 1930-ஆம் ஆண்டுகள் வந்தன. ஈரத்தைக் காக்கும் என்று உழுது உழுது பொடியாக்கி வைத்த அந்தப் புழுதிப் போர்வை காற்றில் எழுந்தது. புல்லின் வேர் கட்டிக் காத்து வந்த மண். அந்த வேரைக் கலப்பை அறுத்துவிட்டது. மழை உள்ள வரையில் அந்தக் குற்றம் தெரியவில்லை. வறட்சி வந்ததும் மேல்மண் கறுத்த மேகமாகக் கிளம்பிப் பட்டப்பகலை இருட்டாக்கி, வேலிகளைப் புதைத்து, பயிரை அறுத்து, மாடுகளின் மூச்சை அடைத்தது. கொலராடோ, கான்ஸாஸ், ஒக்லஹோமா, டெக்ஸாஸ் மாகாணங்களிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள். அருமை வயலில் வீடுகளைப் பிரித்து மரத்தை விற்றவர்கள் உண்டு. மரமே இல்லாத சமவெளியில் பலகைக்கு எப்போதும் கிராக்கி. ஊர் இவ்வளவு சீக்கிரம் மறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இவர்களுக்கு விவசாயம் தெரியாது, ஆகவே தோற்றார்கள் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நாம் ஒப்பமாட்டோம். அதே வெல்டு ஜில்லாவின் வடகிழக்குப் பகுதியில் கியோட்டா என்று ஓர் ஊர். அங்கே குடியேறியவர்கள் வெள்ளையர்கள்; தலைமுறை தலைமுறையாக உழுதவர்களும் அவர்களில் உண்டு. அவர்களும் அதே புழுதிப் போர்வையை நம்பினார்கள். அதே காற்று அவர்களையும் அடித்துச் சென்றது. அவ்வூரும் இன்று பாழ். சுற்றிலும் கைவிடப்பட்ட வயல்களைச் சர்க்கார் விலைக்கு வாங்கி மீண்டும் புல் வளர்க்க வேண்டியதாயிற்று. மற்றொரு பக்கம், வாய்க்கால் பாயும் இடங்களும் மாட்டுப் பண்ணைகளும் சேர்ந்து, விவசாய வருமானத்தில் கொலராடோவிலேயே முதலிடம் பெற்று விளங்குவதும் இதே வெல்டு ஜில்லாதான். ஆக, ஜில்லாவின் மண்ணையும் குறை சொல்வதற்கில்லை. மனிதர்களின் திறமையையும் குறை சொல்வதற்கில்லை. நீர் எங்கே போயிற்றோ அங்கே ஊர் நின்றது.

ஆனாலும் இரண்டு ஊர்களின் அழிவும் ஒன்றேயாகாது. கியோட்டாவை விட்டுச் சென்றவன் வேறெந்த ஊரிலும் நிலம் வாங்கலாம், கடை வைக்கலாம், எந்தத் தெருவிலும் வீடு பிடிக்கலாம். அருமை வயலை விட்டுச் சென்றவர்கள் டென்வரில் தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதிக்குத்தான் திரும்ப முடிந்தது. இருபது வருஷத்துக்கு முன் எந்த வேலையை உதறிவிட்டு வந்தார்களோ, அந்தச் சலவைத் தொட்டியும் ரயில் பெட்டியும் அவர்களுக்காகக் காத்திருந்தன.

ஜாக்ஸன் மட்டும் போகவில்லை. மனைவி மினர்வாவுடன் அங்கேயே இருந்தார். நெடுஞ்சாலை அவ்வழியே சென்றதால், போகிற வருகிற மோட்டார்களுக்குப் பெட்ரோலும் பிரயாணிகளுக்குச் சாப்பாடும் விற்று ஜீவனம் நடந்தது. ஊரையே விலைக்குக் கொடுத்துவிடவும் அவர் முயன்றார்; வாங்குவார் இல்லை. 1942-ல் மனைவி காலமானார். முதுமையில் அவரைப் பார்த்துக்கொள்ள உறவுப் பெண்மணி ஒருவர் வந்து சேர்ந்தார். 1948-ல் ஜாக்ஸன் தமது 86-வது வயதை ஒட்டி இறந்தார். அதற்குப் பின்னும் இருபத்தைந்து வருஷம் அந்தப் பெண்மணி அவ்வூரிலேயே வசித்து, 1973-ல் மறைந்தார். அவரோடு அருமை வயலின் ஜனத்தொகை பூஜ்யமாயிற்று.

1995-ல் அமெரிக்க சர்க்கார் அவ்விடத்தைச் சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தலங்களின் ஜாபிதாவில் சேர்த்தது. டென்வரிலுள்ள கறுப்பு அமெரிக்க மேற்கு மியூஸியம் அங்கே பல மனைகளை வாங்கிப் பாதுகாத்து வருகிறது. கிரீலியிலுள்ள சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆசிரியர்களும் மாணவர்களும் மண்ணைக் கிளறி, பழைய வீடுகளின் அஸ்திவாரங்களையும், உடைந்த பீங்கானையும், அக்குடும்பங்கள் புழங்கிய சிறு பொருள்களையும் தேடி எடுத்துக் குறித்து வருகிறார்கள். எந்த மனை யாருடைய பெயரில் பதிவாயிற்று என்பதைப் பழைய தஸ்தாவேஜுகளிலிருந்து கண்டெடுக்கும்போது, பெண்கள் தம் சொந்தப் பெயரிலேயே மனுச் செய்து பெற்ற நிலங்களும் வெளிப்படுகின்றன.

நிற்பவை சாயம் போன ஒரு சில மரக் கட்டடங்கள். அவற்றுள் ஜாக்ஸனுடைய வீடு ஒன்று. பக்கத்திலேயே 34-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. அவற்றில் பல எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் ஏற்றிச் செல்பவை. கொலராடோவில் மிக அதிகமாகப் பெட்ரோலியமும் எரிவாயுவும் கிடைப்பது இந்த வெல்டு ஜில்லாவின் அடியிலிருந்துதான். அவர்கள் பத்து வருஷமும் இருபது வருஷமும் ஈரத்தைத் தேடிக் கிளறிய அதே பூமி.